தோலுரித்த ஸ்பானியப் புத்தகங்கள்

ஸ்பெயின் தேசத்து இலக்கியத்தை நான் படித்தவன் என்று சொன்னால் கல்பாத்தியில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். "அதனால என்ன ஓய் பிரயோஜனம்?" என்று கேட்கிறார்கள் பாருங்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல். காசிக்குப் போய் வந்தவனிடம் யாராவது பிரயோஜனம் கேட்கிறார்களா? நானும் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான் போனேன், உட்கார்ந்த இடத்திலேயே.

அப்போது பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் ரைட்டர். எங்கள் துரை மலைக்கு வருவதற்கு முன்னால் ஸ்பெயினில் ஏதோ தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் சீமைக்குத் திரும்பியபோது பங்களாவை ஒழித்தார்கள். வேண்டாத சாமான்களெல்லாம் பாக்டரி அடுப்புக்கு வந்தன. அதில் ஒரு சின்ன டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்கள். நல்ல தடித்த கன்றுத்தோல் பைண்டு, முதுகில் பொன்னெழுத்து. அடுப்புப் பார்க்கிற ஆள் திருநெல்வேலிக்காரர். நான் எட்டிப் பார்த்ததும், "ரைட்டர் ஐயா, இதையெல்லாம் எரிக்கச் சொல்லிட்டாவ. வேணும்னா நீங்க எடுத்துக்கிடுங்க. ஒண்ணு போட்டுப் பார்த்தேன், தோலு எரிஞ்ச நாத்தம் கொடலைப் பொரட்டுது" என்றார்.

அவர் போட்டுப் பார்த்த அந்த ஒன்று எது என்று பிறகுதான் தெரிந்தது. ஸ்பானிய மொழிக்கும் ஆங்கிலத்துக்குமான அகராதியின் இரண்டாம் பாகம். அந்தப் பெட்டியில் அத்தனை இருக்க, அந்த மனிதர் கைக்கு அதுதானா அகப்பட வேண்டும்! என்னிடம் வந்தது முதல் பாகம், அதாவது அவர்கள் நெடுங்கணக்கில் முதல் பாதி எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் மட்டும். வெளிச்சம் இருந்தது, சுதந்திரம் இருந்தது, கடவுளும் கண்ணீரும் இருந்தன. பகுத்தறிவு இல்லை, பெண் இல்லை, மரணம் இல்லை, கதவு இல்லை. கைம்பெண் என்பதற்கான சொல்லும் எரிந்துபோன பாதியில்தான் இருந்தது. இந்தப் பாதி அகராதியையும் மதராஸிலிருந்து வி.பி.பி.யில் வரவழைத்த ஓர் இலக்கணப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு ஒரு தேசத்தின் இருநூறு வருஷ இலக்கியத்தைப் படித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். இருபத்துமூன்று வயசு. மூளை வேறு எதற்கும் உபயோகப்படாத வயசு.

அகராதி நீங்கலாக ஆறு புத்தகங்கள். காலப்படி அடுக்கினேன். முதலாவது, ஐரோப்பா முழுவதும் அறிவின் ஒளி வந்துவிட்டது என்று கூத்தாடிய காலத்துக் கட்டுரைகள். ஒரு கனவான் பக்கத்துக்குப் பக்கம் மார்தட்டிக்கொள்கிறார், இனி மூடநம்பிக்கை இல்லை, சோம்பேறிப் பிரபுக்கள் இல்லை, எல்லாரும் படித்து உருப்படப் போகிறார்கள் என்று. இரண்டாவது அதே காலத்து நாடகங்கள், ஜனங்களைத் திருத்துவதற்கென்றே எழுதியவை. அடுத்தது அழுகைக் கவிதைகள், கல்லறையும் நிலவும் இல்லாமல் ஒரு பக்கம் நகராது. பிறகு இரண்டு பெரிய நாவல்கள். ஊர்க்கோயில், பாதிரியார், மந்திரிசபை மாறினால் வேலை போகிற குமாஸ்தாக்கள் என்று எல்லாம் நமக்குத் தெரிந்த சங்கதிகளே. கடைசியாக ஒரு மெலிந்த புத்தகம், அமெரிக்காவோடு சண்டை போட்டுத் தீவுகளையெல்லாம் தோற்ற பிறகு எழுதியது. நம் தேசத்துக்கு என்ன வியாதி, நம் தேசத்துக்கு என்ன வியாதி என்று அட்டை முதல் அட்டை வரை புலம்பல்.

ஆரம்பத்தில் ஒரு பக்கம் படிக்க ஒரு சாயங்காலம் ஆகும். தெரியாத சொல்லை முன்னும் பின்னும் பார்த்து ஊகிக்க வேண்டும். ஒருநாள் ஊகித்ததை மறுநாள் அழிக்க வேண்டும். நாலாவது புத்தகத்தில் கதாநாயகி கைம்பெண் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. ஒரு மதராஸ் பத்திரிகைக்கு, ஸ்பானிய இலக்கிய சரித்திரத்தைத் தமிழில் தொடராக எழுதித் தருகிறேன் என்று எழுதிப் போட்டேன். அந்த தேசத்துக் காளைச் சண்டையைப் பற்றி ஒரு பக்கம் எழுத முடியுமா என்று பதில் வந்தது. அன்றைக்கு ஆபீஸில் ஒருவரோடும் நான் பேசவில்லை.

இப்படி இருக்கையில் மலைக்காய்ச்சல் என்னைப் பிடித்தது. நீண்ட லீவு கொடுத்தார்கள். புத்தகப் பெட்டியோடு போடி வழியாக இறங்கி, வண்டியும் ரயிலும் மாறிக் கல்பாத்திக்கு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் பெரியப்பாவும் அக்காவும். அப்பா அம்மா இல்லாத எங்களை வளர்த்தவர் பெரியப்பா. அக்கா எனக்கு ஆறேழு வயசு மூத்தவள். கல்யாணமாகி, புருஷன் வீட்டுக்குப் போவதற்கு முன்பே அவன் போய்விட்டான். தலையை மழித்து, வெள்ளைப் புடவை கட்டி, அடுக்களையில் விட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் உலை வைப்பவள் அவள்தான். ஆனால் அழுமூஞ்சி என்று நினைத்துவிடாதீர்கள். வாயைத் திறந்தால் பெரியப்பாவே ஓர் அடி பின்வாங்குவார்.

இளம் வயதிலேயே கைம்பெண்ணானவர்களைச் சேர்த்துப் படிக்கவைத்து, உபாத்தியாயினி வேலைக்குத் தயார் செய்யும் விடுதி ஒன்று மதராஸில் இருப்பதாகத் தோட்டத்தில் இருந்தபோதே கேள்விப்பட்டிருந்தேன். வந்த மறுநாளே அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் ஒரு கணம் மாறியதைப் பார்த்தேன். உடனே, "நான் போனா பெரியப்பாவுக்கு யார் வடிச்சுக்கொட்டுவா? ஸ்பெயின் ராஜாவோ?" என்று எழுந்து போய்விட்டாள். பெரியப்பா காதில் விழுந்துவிட்டது. "தலையில மயிர் வளர்த்துண்டு பட்டணத்துல திரியறதுக்கோ? இந்தப் பேச்சு மதி, நிறுத்து" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. பொழுது போகாமல் கூடத்தில் உட்கார்ந்து அந்த நாலாவது புத்தகத்தின் கதையை அக்காவுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். மலையோரத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு கைம்பெண், மைத்துனன் வீட்டில் இருக்கிறாள். துறைமுகப் பட்டணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவளை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மைத்துனன் கூடாது என்கிறான். ஊர்ப் பாதிரியார் கூடவே கூடாது என்கிறார். முதல் நாள், "பாதிரி கதை எனக்கு என்னத்துக்கு?" என்றாள். மூன்றாம் நாள், "நேத்து எங்க நிறுத்தினாய்?" என்று அவளே கேட்டாள்.

ஆனால் ஒரு தொல்லை. தோட்டத்தில் இருந்தபோது முக்கால் புத்தகம்தான் முடித்திருந்தேன். அதற்குமேல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரி வரியாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். புத்தகமோ கன்றுத்தோல். மடியோடு சமைக்கிற அடுக்களைப் பக்கம் அதைக் கொண்டுபோக முடியுமா? வாசல் அறையில் வைத்திருப்பதற்கே பெரியப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார். நான் வாசல் அறையிலிருந்து கத்த, அவள் அடுக்களையிலிருந்து, "உரக்கச் சொல்லுடா! தாளிக்கற சத்தத்துல ஒண்ணும் கேக்கலை" என்று கத்த, நடுவில் பெரியப்பா சந்தியாவந்தனம் செய்ய முடியாமல் கத்த, வீடு சந்தைக்கடை ஆயிற்று.

ஒருநாள் பெருமாட்டி கிராமத்தில் எங்கள் தென்னந்தோப்பைப் பார்த்துவரப் பெரியப்பா அனுப்பினார். தோப்பைக் குத்தகைக்குப் பார்ப்பவர் இளநீரைச் சீவிக்கொண்டே, "ஏனுங்க சாமி, காச்சல் மண்டைக்கு ஏறாம பாத்துக்கோங்க. ஏதோ தெரியாத பாசையில பொலம்பறீங்கனு ஊருக்குள்ள பேசிக்கறாங்க" என்றார். எரிச்சலோடு சாயங்காலம் வீடு திரும்பினேன். கூடத்தில் வரிசையாக வாழையிலை போட்டு, அதன்மேல் என் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தாள் அக்கா. ஒன்றுக்கும் அட்டை இல்லை. தோல் இல்லை. முதுகு இல்லை. உரித்த கோழிகள் மாதிரி கிடந்தன. காகித விளிம்பில் ஈரம்.

"என்ன பண்ணினாய்?" என்றேன்.

"வெந்நீர் தெளிச்சுத் தெளிச்சு உரிச்சேன். அந்தப் பசையும் மாட்டுக் குளம்புலேருந்து காய்ச்சறதாமே! அதையும் சொரண்டிட்டேன். தோலையெல்லாம் கம்பால தள்ளிண்டுபோய்ப் புழைத் தண்ணியில விட்டாச்சு, நானும் தலை முழுகியாச்சு. இனிமே நீ அடுக்களை வாசப்படியில உக்காந்து படிக்கலாம், கேட்டியோ. காகிதத்துக்குத் தீட்டில்லை."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கத்தினேன். பொன்னெழுத்து, அந்தப் பைண்டு, அது எப்பேர்ப்பட்டது தெரியுமா என்றெல்லாம் கத்தினேன். அகராதியையும் விடவில்லை அவள். அதன் கடைசிப் பக்கங்கள் அட்டையோடு போயிருந்தன. வெளிச்சம் என்ற சொல் அந்தப் பக்கங்களில்தான் இருந்தது. இருந்த பாதியிலும் வெளிச்சம் போயிற்று! மற்றவற்றில் எதுவும் போயிற்றா என்று கேட்டேன். "எழுத்தில்லாத வெள்ளைக் காகிதம்தான் அட்டையில ஒட்டிண்டிருந்தது. வெறுதே கூச்சல் போடாதே. நாளைக்குக் கதையைச் சொல்லு" என்றாள். அவளுக்கு அதுதான் முக்கியம். கதையை அடுக்களைக்கு வரவழைக்க ஓர் இலக்கியத்தையே உரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

மறுநாளிலிருந்து குளித்துவிட்டு அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து படித்தேன். ஏட்டுச்சுவடி மாதிரி அவிழ்ந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்து, தமிழில் சொல்லி, குப்புற அடுக்கினேன். கைம்பெண் மைத்துனனோடு வாதாடுகிறாள். பாதிரியாரை எதிர்த்துப் பேசிவிடுகிறாள். "பேஷ்!" என்று கரண்டியால் பாத்திரத்தில் தட்டினாள் அக்கா. கடைசியில் பெட்டி கட்டியாயிற்று. வண்டி வாசலில் வந்து நிற்கிறது. ஏறப் போகிறவள், சால்வையை மறந்துவிட்டதாகச் சொல்லி, அதை எடுக்க மறுபடி வீட்டுக்குள் போகிறாள். உள்ளே நுழைந்து...

அடுத்த தாளை எடுக்கக் கை நீட்டினேன். கீழே வெறும் தரை.

வாக்கியம் பாதியில் நிற்கிறது. வெள்ளைக் காகிதம் என்று அவள் சொன்னதன் உள்பக்கம் கடைசி மடிப்பான பதினாறு பக்கங்களும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு போயிருக்கின்றன. ஆறு அதற்குள் அவற்றைப் பறளி ஊருக்கு அப்பால் கொண்டுபோயிருக்கும். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்தாள். சாதம் அடிப்பிடித்தது. எத்தனையோ வருஷத்தில் அந்த வீட்டில் சாதம் அடிப்பிடித்தது அன்றைக்குத்தான்.

"அவள் போயிட்டாள்டா" என்றாள், பானையை இறக்கிக்கொண்டே. "சால்வையை எடுத்துண்டு வந்து வண்டியில ஏறிட்டாள்."

"அதெப்படிச் சொல்கிறாய்? போயிருக்கமாட்டாள்" என்றேன்.

"ஏன் போயிருக்கமாட்டாள்?"

நான் படித்தவன் அல்லவா? எடுத்து விளக்கினேன். அறிவின் ஒளி என்று ஆரம்பித்த காலத்திலிருந்து அந்த தேசத்தார் ஒரு கதவைத் திறப்பதும், திறந்த கையோடு சாத்துவதுமாகத்தான் இருக்கிறார்கள். நாடகத்தில் புத்திமதி சொன்னார்கள், ஊர் திருந்தவில்லை. கவிதையில் எல்லாரும் செத்துப்போனார்கள். நாவல்காரர்கள் ஊரை உள்ளபடி எழுதினார்கள். உள்ளபடி எழுதினால் அந்த ஊரிலிருந்து எந்தக் கைம்பெண்ணும் வண்டி ஏறமாட்டாள். கடைசிப் புத்தகத்தின் புலம்பலே அதற்குச் சாட்சி.

"நீ படிச்சது போ! வண்டி வாசல்ல நிக்கறது. பெட்டி ஏத்தியாச்சு. போகாம என்ன பண்ணுவள்?"

"அக்கா, இல்லாத பக்கத்தில் இருப்பதை நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"போயிட்டாள்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் வெந்துபோயிடுமோ?"

சொல்லமாட்டேன் என்றேன். அவள் விடவில்லை. நாலு நாள் இதே சண்டை. இலை போடும்போது, "போயிட்டாள்." மோர் விடும்போது, "போயிட்டாளாக்கும்." இலக்கிய விமர்சனம் என்றால் இப்படியா நடக்க வேண்டும்? எனக்கு மறுபடி காய்ச்சல் வந்ததே அதனால்தான் என்று அப்போது நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் அவள் பெரியப்பாவின் முன்னால் போய் நின்றாள். மதராஸ் விடுதிக்குப் போகப்போகிறேன் என்றாள். நான் திடுக்கிட்டேன் என்றால் பெரியப்பாவின் கதியை நினைத்துப் பாருங்கள். ஒரு நாழிகை நேரம் இடி முழங்கியது. கடைசியில், "போனா இந்த ஆத்துல திரும்பி அடி வைக்கப்படாது" என்றார். அவள் நமஸ்காரம் செய்துவிட்டு எழுந்தாள். விடுதிக்கு நான்தான் எழுதினேன். வரச் சொல்லிப் பதில் வந்தது.

கிளம்பிய அன்று ஒலவக்கோடு ரயில் ஸ்டேஷனுக்குப் போக மாட்டுவண்டி வந்து தெருவில் நின்றது. பெட்டியை ஏற்றினேன். தெருவே கதவிடுக்கில் நின்று பார்த்தது. அக்கா வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், "என் சொம்பு!" என்றாள். அது அவள் தண்ணீர் குடிக்கும் பித்தளைச் சொம்பு. வேறொருவர் தொட்டதில் அவள் குடிக்கமாட்டாள். அது இல்லாமல் மதராஸ் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

"அடுக்களை மாடத்திலதானே? போய் எடுத்துண்டு வா, நேரமிருக்கு. நானோ இன்னும் குளிக்கலை, தொட்டால் ஆகாது" என்றேன்.

அவள் வாசலைப் பார்த்தாள். உள்ளே இருட்டாக இருந்தது. பெரியப்பாவின் இருமல் கேட்டது.

"வேண்டாம். வண்டியை விடச் சொல்லு" என்றாள்.

மறுநாள் மதராஸ் சேரும்வரை அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. இடையில் ஸ்டேஷன்களில் நான் கெஞ்சினேன், திட்டினேன். உதடு வெடித்துப்போய் இறங்கினாள். ஒரு சொம்புக்காக இப்படியா என்று எனக்கு மகா கோபம்.

அதற்குப் பிறகு மலைக்குத் திரும்பி, அந்தக் கடைசிப் பதினாறு பக்கத்தைத் தேடினேன். முதல் பக்கமும் அட்டையும் போன புத்தகத்துக்குப் பெயர் சொல்லிக் கேட்க நினைவு ஒன்றுதான் துணை. பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர்கள் ஸ்பானிய மொழியில் என்று ஒரு ஜபப் புத்தகம் அனுப்பினார்கள். அடுத்த முறை பன்றி வளர்ப்பைப் பற்றிய கையேடு வந்தது. வேண்டுமென்றே செய்கிறார்களோ என்று பல்லைக் கடித்தேன். என் இலக்கிய சரித்திரம் நாலாவது அத்தியாயத்தில் நின்றது. முடிவு தெரியாத நாவலைப் பற்றி என்ன எழுதுவது? விட்டுவிடலாம் என்றிருந்தபோது, லண்டனைச் சுற்றி ஒரு பிரதி வந்து சேர்ந்தது. ஆபீஸ் என்றும் பார்க்காமல் பிரித்துக் கடைசிப் பக்கங்களைப் படித்தேன்.

சால்வையை எடுக்க உள்ளே போனவள் அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறாள். மைத்துனன் குழந்தைக்குப் பால் காய்ச்சச் சொல்லிக் குரல் கொடுக்கிறான். வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்கிறது. அவள் எழுந்து பால் காய்ச்சப் போகிறாள். அவ்வளவுதான்.

நான் சொன்னது சரியாகிவிட்டது. ஆனால் எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே சொல்ல? இத்தனை கெட்டிக்காரனாக எழுதியவனுக்கு அவளை வண்டியில் ஏற்ற மனசு வரவில்லையே! பாவி, நீ என்ன குறைந்து போவாய்? அந்தப் பிரதியும் தோல் பைண்டுதான். மேஜைமேல் ஓங்கி அடித்தேன்.

அந்த ஐப்பசித் தேருக்கு அக்கா வந்திருந்தாள். ஊர் வாய் ஓய்ந்து பெரியப்பாவும் இறங்கி வந்திருந்தார். ஒரே நிபந்தனை, முடி வளர்த்தவள் அடுக்களைக்குள் போகக் கூடாது. "ரொம்ப சௌகர்யம்" என்றாளாம். கழுத்துவரை முடி வளர்ந்திருந்தது. கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து பாடப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவள் காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மலையிலிருந்து இறங்கும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தேன். போய்விட்டாள், வண்டி ஏறிப் பட்டணம் சேர்ந்துவிட்டாள், கடைசிப் பக்கத்தில் கடல் தெரிகிறது என்று. கடல்வரை ஜோடித்திருந்தேன். அவள் என் முகத்தை ஒருதரம் பார்த்தாள்.

"புஸ்தகம் வந்துடுத்தோ? அவள் போகலையாக்கும்" என்றாள்.

பொய் நாக்கிலேயே நின்றுவிட்டது. "போகலை" என்றேன்.

"தெரியும். சால்வைக்குன்னு உள்ள போனவள் எங்கேருந்து வெளிய வருவள்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரியுமா? பின்னே எதற்கு நாலு நாள் என் பிராணனை வாங்கினாய்? போயிட்டாள் போயிட்டாள் என்று!"

"நான் போகணும்னா, அவள் போயிட்டாள்னு யாராவது ஒருத்தர் என் காதுல சொல்லிண்டே இருக்கணுமோல்லியோ? நீ மாட்டேன்னுட்டாய். நானே சொல்லிண்டேன்."

அவள் புத்தகத்தில் அடையாளத்துக்கு ஒரு தர்ப்பையை வைத்து மூடினாள்.

"என் சொம்பு இன்னும் அந்த மாடத்திலதானே இருக்கு? நான்தான் உள்ள போகப்படாதே. நீ போய் எடுத்துண்டு வா. இந்தத் தடவை கொண்டுபோறேன்."

நான் எழுந்து அடுக்களைக்குள் போனேன்.